‘வரேன்’ என்றால் எத்தனை மணிக்கு?

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பயிற்சி வகுப்பில் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், எழுதட்டும் என்று நினைத்திருப்பார்கள். சும்மா எல்லாம் இல்லை. இருந்தாலும் கேட்டவுடன் உட்கார்ந்துவிட்டேன். வலிப்பு வந்தால் என்ன செய்வது, ஒருவரைக் கூச்சப்படுத்தாமல் எப்படிக் குளிக்க வைப்பது, எந்தப் படிவம் எந்தக் கோப்பில் போகும் என்பதையெல்லாம் வகுப்பில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவது பயிற்சிக் காலத்தில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. சீனரோ மலாய்க்காரரோ அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. நம் ஆளால்தான் செய்ய முடியும். அதனால்தான் உங்களுக்கென்று எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அதற்கு முன்னால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பயண ஏஜென்சியில் டிக்கெட் கவுன்டரில் இருந்தேன். திருச்சி, சென்னை, மதுரை என்று ஊருக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து, “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று அனுப்பி வைப்பதுதான் இருபது வருட வேலை. எல்லோரும் போனிலேயே டிக்கெட் போடக் கற்றுக்கொண்டதும் கடையை மூடிவிட்டார்கள். அடுத்து என்ன என்று முழித்துக்கொண்டிருந்தபோது, வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், பயிற்சியும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் இப்படி என்று கேட்காமல் இருக்க முடியாது. என் கணவர் இதை நச்சரிப்பு என்பார். இந்த வேலையில் அந்தக் குணம்தான் என்னைக் காப்பாற்றியது. ஒரே ஒரு தடவை அதை மறந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

சில வாரம் வகுப்பு, பிறகு குவீன்ஸ்டவுனில் இருந்த ஒரு நிலையத்தில் நேரடிப் பயிற்சி. என் மேற்பார்வையாளர் ஒரு சீனப் பெண். வயது இருபத்தேழு. என் மகளாக இருக்கலாம். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழாக்கித் தருகிறேன். முதல் நாளே அவர் என்னிடம் ஒப்படைத்தது அரவிந்தை. முப்பத்திரண்டு வயது, ஆட்டிசம், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். நிலையத்தில் அப்போது தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. “உங்களுக்காகத்தான் இவ்வளவு நாளா காத்திருந்தோம் லா,” என்றார், சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சு முடிவில் ஒட்டும் அந்த ‘லா’வோடு. எனக்குத் தலை கால் புரியவில்லை.

அரவிந்துக்குத் துண்டு மடிப்பதில் அப்படி ஒரு பிரியம். நிலையத்தில் துவைத்து வரும் துண்டுகளையெல்லாம் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு கோடு பிசகாமல் அடுக்குவார். பேச்சு மிகக் குறைவு. நாம் சொல்வதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். அது எனக்கு முதலில் விளங்கவில்லை. காலையில், “தே வேணுமா, மைலோ வேணுமா?” என்று கேட்பேன். “மைலோ வேணுமா,” என்பார். டீயை விட்டுவிட்டு மைலோ சாக்லேட் பானம் கலக்கிக் கொடுப்பேன். ஒரு வாரம் தினமும் மைலோ. பாதியில் வைத்துவிடுவார். அவருக்கு மைலோ பிடிக்கும், ஆனால் வயிறு சின்னது என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, “நாளைக்குக் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேளுங்களேன்,” என்றார். “மைலோ வேணுமா, தே வேணுமா?” என்று கேட்டேன். “தே வேணுமா.”

அசடு வழிய நின்றேன். ஒரு வாரமாக நான் கேட்டதற்கு நானேதான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். திருப்பிச் சொல்வதில் அவரிடம் ஓர் எழுத்துகூட மாறாது. என் ராகத்தில் நான் சொன்னால் என் ராகம். மேற்பார்வையாளர் சொன்னால் அவருடைய சிங்கப்பூர் ஆங்கிலம், அதே இழுவையோடு. அவ்வளவு சுத்தமாகத் திருப்பிச் சொல்கிறவருக்கு என்னதான் வேண்டும், அதை எப்படிக் கேட்பது? எனக்கு அதே யோசனையாக இருந்தது. பஸ்ஸில் போகும்போதும் அதுதான்.

நான்காவது வாரம், வெள்ளிக்கிழமை பிற்பகல், பயிற்சியின் ஒரு பகுதியாக அவர் வீட்டுக்குப் போனேன். அதே வட்டாரத்தில் பழைய அடுக்குமாடியில் மூன்றறை வீடு. அரவிந்தும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அப்பா காலமாகிப் பல வருடம். அம்மா யாழ்ப்பாண வழியில் வந்தவர், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ரொம்ப நறுக்கான பேச்சு. அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைப் பிள்ளை என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இரண்டு வாரத்தில் ஆப்பரேஷன். அந்த நாட்களில் அரவிந்த் கிளமெண்டியில் ஒரு விடுதியில் தங்க வேண்டும். அங்கே இருந்து பழக, மறுநாள் சனிக்கிழமை காலை போய் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. அது சரியாக நடந்தால்தான் விடுதியில் இடம் உறுதி. இடம் இருந்தால்தான் ஆப்பரேஷன். எல்லாம் ஒன்றோடு ஒன்று கோர்த்திருந்தது.

அன்று அக்காவுக்கு மருத்துவமனையில் ஒரு பரிசோதனை. இரண்டு மணி நேரம் நான் அரவிந்தோடு இருப்பதாகச் சொல்லியிருந்தேன். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, கம்பிக் கதவைப் பிடித்தபடி மகனைப் பார்த்து, “அரவிந்த், அம்மா போறன்,” என்றார்.

எனக்குத் திக்கென்றது. இதய நோயாளி, மருத்துவமனைக்குக் கிளம்புகிறார், வாசலில் நின்றுகொண்டு போறன் என்கிறார். நம் வீடுகளில் சின்னப் பிள்ளை அப்படிச் சொன்னால்கூட வாயிலேயே போடுவார்கள். அரவிந்த் துண்டிலிருந்து தலையை எடுக்காமல், “போறன்,” என்றார். அக்கா போய்விட்டார்.

திரும்பி வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்போ போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க.”

அக்கா செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தார். “எங்கட வீட்டில அப்பிடித்தான், பிள்ளை,” என்றார்.  அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி என்று கேட்டிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள், கேட்க வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். காரணம், எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பாவம், விரக்தியில் பேசுகிறார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். இந்த வீட்டில் யாராவது நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்து, கிளம்பும்போது அரவிந்தின் முகத்தைப் பார்த்து, வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்: “அரவிந்த், நான் போயிட்டு வரேன்.”

அவர் துண்டைக் கீழே வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “வரேன்,” என்றார்.

என்னை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மின்தூக்கியில் இறங்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு மறுபடி வகுப்பு தொடங்கியது. முற்பகல் இடைவேளையில் மேற்பார்வையாளர் போன் செய்தார். குரலில் வழக்கமான லா இல்லை.

“வெள்ளிக்கிழமை அரவிந்த்கிட்ட கடைசியா என்ன சொன்னீங்க?”

“பை-பை சொன்னேன்.”

“எந்த மொழியில?”

“தமிழ்லதான்.”

“வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க.”

ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். நான், போய், திரும்பி, வருகிறேன். கடைசிச் சொல்லை நானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“எத்தனை மணிக்குன்னு சொன்னீங்களா?”

“அது சும்மா சொல்றதுங்க. எல்லாத் தமிழரும் அப்படித்தான் சொல்வோம். அதுக்கு அர்த்தம் பை-பை, அவ்வளவுதான்.”

“உங்களுக்கு அவ்வளவுதான். அவருக்கு?”

வெள்ளிக்கிழமை நான் கிளம்பியதிலிருந்து அரவிந்த் கம்பிக் கதவை விட்டு நகரவில்லையாம். சாப்பாட்டை நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறார். தூக்கம் வந்தால் செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்கிறார். சனிக்கிழமை காலை விடுதி வண்டி வந்தபோது, கதவுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. அந்த உயரத்துக்கு அவரை யாரால் இழுக்க முடியும்? இழுக்கவும் கூடாது. வண்டி திரும்பிப் போய்விட்டது. விடுதி இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அக்காவின் ஆப்பரேஷன் தள்ளிப் போனது.

 நான் யாரையும் தள்ளவில்லை, திட்டவில்லை, மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னேன். அதற்கு ஓர் இதய நோயாளி விலை கொடுத்தார்.

வகுப்பில் சொல்லிவிட்டு அங்கிருந்து நேராகப் பஸ் ஏறினேன். என்ன சொல்லிச் சமாதானம் செய்வது, எந்தப் படத்தைக் காட்டுவது என்று வழியெல்லாம் திட்டம் போட்டேன். ஒன்றும் தேவைப்படவில்லை. தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் அரவிந்த் பூட்டைத் திறந்தார். நான் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினார், பூட்டினார். சமையலறைக்குப் போய் ஆறிப்போன சோற்றை நின்றபடி சாப்பிட்டார். அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். வருகிறேன் என்றவள் வந்துவிட்டாள். அவருக்கு அதோடு கணக்கு முடிந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

“உங்களை ஏசவேணும் எண்டு மூண்டு நாளா வசனம் யோசிச்சு வச்சிருந்தன்,” என்றார். “இப்ப ஒண்டும் ஞாபகம் வரேல்ல. இருங்கோ, தண்ணி குடியுங்கோ.”

அன்றுதான் கேட்டேன், ஏன் என்று. அரவிந்துக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, அக்காவின் தங்கை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். விமான நிலையத்தில் பிள்ளையைக் கட்டிப்பிடித்து, “சித்தி போட்டு வாறன் ராசா,” என்றார். அவர்கள் பேச்சில் அதுதான் போயிட்டு வரேன். அன்று மாலையிலிருந்து அரவிந்த் சாப்பாட்டு மேசையில் சித்திக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, ஒரு தட்டும் வைத்தார். யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கத்துவார். எட்டு மாதம் அந்தத் தட்டு அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டார். இந்த வீட்டில் வாறன் என்று சொன்னால், எத்தனை மணிக்கு என்றும் சொல்ல வேண்டும். சொன்ன மணிக்கு வரவும் வேண்டும். முடியாது என்றால் போறன் என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். அப்படிச் சொன்னால் பிள்ளை காத்திருக்க மாட்டான்.

“காத்தோங்கில இருக்கிற எங்கட ஆக்களுக்கு நான் சொன்னது பிடிக்கேல்ல. நல்ல நாள் பெரிய நாளில வந்திட்டு, ‘போறன்’ எண்டு சொல்ல அவையளுக்கு வாய் வராது. அபசகுனமாம். கொஞ்சம் கொஞ்சமா வாறதை விட்டிட்டினம்.” அக்கா சிரித்தார். “ஒரு சொல்லுக்காக ஒரு சொந்தமும் இல்லாமப் போச்சு, பிள்ளை. அவனுக்குப் பொய் சொல்லுறதிலும் பார்க்க அது பரவாயில்லை எண்டு இருந்திட்டன்.”

அன்று சாயங்காலம் அந்த வாசலில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அரவிந்த் எழுந்து வந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாய் ‘போயிட்டு’ என்றுதான் போகிறது. நாக்கைக் கடித்தேன். இருபது வருடம் ஊருக்கே போயிட்டு வாங்க சொன்ன நாக்கு. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, “அரவிந்த், நான் போறேன்,” என்றேன். “போறேன்,” என்றார், துண்டைப் பார்த்தபடியே. கதவுக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்று கேட்டேன். மடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து விடுதியில் மறுபடி இடம் கிடைத்தது. இந்தத் தடவை பழகும் நாட்கள் நன்றாகவே நடந்தன. ஆப்பரேஷனுக்கு முதல் நாள் அரவிந்தைக் கிளமெண்டிக்கு அழைத்துப் போனோம். மேற்பார்வையாளர் அழகாக ஒரு படக் காலண்டர் செய்திருந்தார். எட்டுக் கட்டங்கள், ஒவ்வொரு நாளும் என்ன நடக்கும் என்று படங்கள், எட்டாவது கட்டத்தில் அக்காவின் புகைப்படம். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தருவார்கள், நல்ல முறைதான். ஆனால் அக்கா அதைப் பார்த்ததும் எட்டாவது கட்டத்திலிருந்து தன் படத்தைப் பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இதுவும் ஒரு வாறன்தான். டாக்டருக்கே தெரியாததை நீங்கள் ஒட்டாதேங்கோ.”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். அவருக்கு இரண்டு நாள் வேலை அது. “அவங்க சொல்றது சரி,” என்றேன். அவர் மிச்ச ஏழு கட்டங்களிலிருந்தும் படங்களைக் கழற்றினார். “சரி. அப்போ நமக்குத் தெரிஞ்சது என்ன?” என்று கேட்டார். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தினமும் மாலை நான்கு மணிக்கு நான் அங்கே வர முடியும். அதைச் சொன்னேன். ஒரு கடிகாரப் படமும் என் புகைப்படமும் மட்டும் அன்றைய கட்டத்தில் ஒட்டினோம்.

நெருக்கடியில் நல்ல செய்தி சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்துவது கஷ்டம். அன்று நான் அக்காவிடமிருந்து கற்றது அது.

அக்கா மகனிடம், “அம்மா போறன்,” என்றார். “போறன்,” என்றார் அவர். அக்கா திரும்பிப் பார்க்காமல் டாக்சியில் ஏறினார்.

எட்டாம் நாள் அக்கா வரவில்லை. ஆப்பரேஷன் முடிந்தபின் கிருமி தொற்றி, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நான் தினமும் நான்கு மணிக்குப் போனேன். ஒரு நாள் பேய் மழை. பஸ் நிறுத்தத்திலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அது தேவையா என்று கேட்காதீர்கள்.

அரவிந்த் நன்றாகவே இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், விடுதித் துண்டுகளையெல்லாம் அடுக்கிக் கொடுத்தார். வாசலில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதுதான் சிக்கலாகிவிட்டது. விடுதியில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். “அம்மாவை ஒரு தடவைகூடத் தேடல. இங்கே சந்தோஷமா இருக்கார். அம்மாவுக்கும் இனிமே உடம்பு தாங்காது. இந்த இடம் போச்சுன்னா அடுத்தது எப்போ கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அரவிந்த் தேடாததற்குக் காரணம் இருக்கிறதே. அம்மா போறன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போறன் என்றால் காத்திருக்க வேண்டாம் என்று இருபது வருடமாகப் பழகியவர் அவர். காத்திருக்காமல் இருப்பதும் அம்மா வேண்டாம் என்பதும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தோன்றுவதை வைத்து என்ன செய்வது? அக்கா வீட்டில் அன்று நானே கதை கட்டியதன் பலனை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

மேற்பார்வையாளர் அரவிந்திடமே கேட்டுப் பார்த்தார். வார்த்தையில் கேட்டுப் பயனில்லை, கடைசியில் எது வருகிறதோ அதுதான் பதில். அதனால் குவீன்ஸ்டவுன் வீட்டுப் படம் ஒன்று, விடுதிப் படம் ஒன்று, இரண்டையும் மேசையில் வைத்தார். அரவிந்த் இரண்டையும் எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் இடம் மாற்றி வைத்தார். அரவிந்த் மறுபடி அடுக்கிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அரவிந்த் எழுந்து போய்விட்டார். “எனக்குத் தெரியல,” என்றார் மேற்பார்வையாளர். அப்படிச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. இந்தத் துறையில் நான் கேட்ட மிக நேர்மையான பேச்சு அது.

பதின்மூன்றாம் நாள் அக்கா மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் விடுதிக்குப் போய்ப் பதில் சொல்லிவிட வேண்டும் என்றார். டாக்சியில் நான் கூட இருந்தேன். பாதியாக இளைத்திருந்தார்.

“அவன் அங்கேயே இருக்கட்டும், பிள்ளை. என்னைத் தேடேல்லையாம். எனக்கு அது நிம்மதிதான்.” சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “தேடக் கூடாது எண்டுதானே அப்பிடிப் பழக்கினன். பழகிட்டான்.”

 அரவிந்துக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாது அக்கா, என்று மட்டும் சொன்னேன். “தெரியாதுதான்,” என்றார். “ஆரால கேக்க ஏலும்?”

விடுதி வரவேற்பறையில் மேற்பார்வையாளர் படிவத்தோடு காத்திருந்தார். குடும்பத்தின் முடிவு என்று ஒரு பெட்டி. பாதுகாவலரின் கையொப்பம் என்று ஒரு பெட்டி. நடுவில், சம்பந்தப்பட்டவரின் சொந்த விருப்பம் என்று ஒரு பெரிய பெட்டி. அதை நிரப்பாமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது. அதில், அறிய இயலவில்லை என்று எழுதுவதாக ஏற்பாடு.

அரவிந்த் வந்தார். அம்மாவைப் பார்த்தார். ஓடி வரவில்லை, சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் போனது. அதிகாரி எதிரில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். அக்கா நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, எப்போதும்போலச் சொன்னார்.

“அரவிந்த், அம்மா போறன்.”

“போறம்,” என்றார் அரவிந்த்.

அக்காவின் கை நாற்காலியிலேயே நின்றுவிட்டது. என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அரவிந்த் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, வாசலில் இருந்த அலமாரியில் தன் காலணியைத் தேடி எடுத்தார். குனிந்து ஒவ்வொரு காலாக மாட்டினார். விடுதிக் கம்பிக் கதவருகே போய் நின்று, எங்கள் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்: “போறம்.”

அக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “ஓம் ராசா, ஓம்,” என்று தலையை ஆட்டி ஆமோதித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. மேற்பார்வையாளர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தபடி என்னைக் கேட்டார்: “அம்மா சொன்னதைத்தானே திருப்பிச் சொன்னார்?”

“இல்ல.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு.”

“இல்ல, கடைசி எழுத்து வேற.”

பேனாவை எடுத்தார். “வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க.”

“அவங்க அம்மா சொன்னது, நான் போகிறேன். அவர் சொன்னது, நாம் போகிறோம்.”

 மேற்பார்வையாளர் படிவத்தை என் பக்கம் தள்ளி, பேனாவையும் கொடுத்தார். நடுப் பெட்டியில் விரலை வைத்து, “அவர் சொன்னபடியே எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க,” என்றார். நாலு வரி எழுதுகிற அளவுக்குப் பெரிய பெட்டி அது. நான் மூன்று எழுத்து எழுதினேன்.